காற்றைச் சுருக்க முடியாது



இலக்கியத் தொடரில் கப்பல் செய்வதைப் பற்றிப் பேச ஒருவர் வந்திருக்கிறாரே என்று உங்களிற் சிலர் வியக்கலாம். கப்பல் என்றதும் துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பலை எண்ணிவிட வேண்டாம். நான் செய்பவை மேசைமீது நிற்பவை. பெரிய கப்பலில் 4 அடி இருப்பது எனது கப்பலில் ஓர் அங்குலம் இருக்கும். மரத்தைச் சீவி, வளைத்து, ஒட்டி, நூலால் கயிறு கட்டி, ஒன்றை முடிக்க எனக்கு இரண்டு வருடங்கள் செல்லும். ஏறத்தாழ நாற்பது வருடங்களாக இதனை ஒரு பொழுதுபோக்காகச் செய்து வருகிறேன்.

வீட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்பார்கள். முதலாவது, "என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?" கொடுப்பதில்லை என்று சொன்னதும் இரண்டாவது கேள்வி வரும். "அப்படியென்றால் ஏன் செய்கிறீர்கள்?"

இந்த இரண்டாவது கேள்விக்கு நான் பல காலம் சரியான பதில் சொன்னதில்லை. சிரித்துச் சமாளித்துவிடுவேன். இன்றைய பேச்சை அந்தக் கேள்விக்கான பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பழைய இலக்கியத்தில் கப்பல்களுக்குக் குறைவில்லை. கலம், நாவாய், வங்கம், அம்பி, தோணி, ஓடம் என்று எத்தனை பெயர்கள்! பாய்மரத்தைக் கூம்பு என்றார்கள். பொருள்தேடிக் கடல் கடந்தவனைப் பாடினார்கள்; அவனுக்காகக் கரையில் காத்திருந்தவளையும் பாடினார்கள். ஆனால் அந்தக் கலத்தின் பலகையை வளைத்தவன் யார், எப்படி வளைத்தான் என்பதைப் பாட்டில் காண்பது அரிது. கப்பல் சாத்திரம் என்ற பெயரில் மரத்தின் குணத்தையும் அளவுகளையும் சொல்லும் ஒரு நூல் இருக்கத்தான் செய்கிறது. எனினும் செய்தவனின் அறிவிற் பெரும்பகுதி ஏட்டில் ஏறவில்லை. அது அவன் கையிலேயே இருந்து, அவனோடே போயிற்று. போனதில் ஒரு சிறு பகுதியையாவது மீண்டும் கையாலேயே தேடிப் பிடிக்க முடியுமா என்பதே எனது பொழுதுபோக்கின் அடிப்படை.

தொடக்கம் எல்லோருக்கும் போலத்தான். மாரி காலத்தில் முற்றத்து வெள்ளத்தில் கடதாசிக் கப்பல் விட்டேன். பிறகு முள்முருக்கங் கட்டையைக் குடைந்து ஒரு தோணி செய்தேன். பத்து வயதிருக்கும். அம்மப்பாவின் பழைய வேட்டித் துண்டிலிருந்து பெரிய பாயொன்று வெட்டிக் கட்டி, கோயிற் கேணியில் விட்டேன். படியிலிருந்து ஒரு முழம் போகவில்லை, கவிழ்ந்துவிட்டது. நிமிர்த்தி விட்டேன். மறுபடியும் கவிழ்ந்தது. படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மப்பா, "பாயைக் குறை, அடியிலை பாரத்தைக் கூட்டு" என்றார். பாரம் கூட்டினால் தாழ்ந்துவிடும் என்று நான் வாதாடினேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அந்தத் தோணி ஏன் கவிழ்ந்தது என்பது முப்பது வயதுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பேச்சின் மையமே அதில்தான் இருக்கிறது.

ஒரு கப்பலை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 48 மடங்கு குறையும். பாயின் பரப்பு 48ஐ 48ஆற் பெருக்கிய அளவு, அதாவது 2,304 மடங்கு குறையும். கனமோ 48ஐ மூன்று முறை பெருக்கிய அளவு, 1,10,592 மடங்கு குறையும். 100 தொன் கப்பலொன்றின் சரியான மாதிரி ஒரு கிலோகூட இராது. 900 கிராம் அளவில்தான் இருக்கும். பாய் குறைந்த அளவைவிடக் கப்பலை நிமிர்த்தி வைத்திருக்கும் பாரம் பல மடங்கு அதிகமாகக் குறைந்துவிட்டது. ஆனால் கேணியில் வீசும் காற்று கடலில் வீசும் அதே காற்றுத்தான். அது சிறிய கப்பல் என்று இரங்கி மெதுவாக வீசுவதில்லை. கணக்குப் பார்த்தால், அதே காற்றில் அந்த மாதிரி கவிழும் அபாயம் 48 மடங்கு கூடுகிறது.

கப்பலைச் சுருக்கலாம், நேயர்களே. காற்றைச் சுருக்க முடியாது.

சிறுகதை எழுதுபவர்களுக்கும் இது தெரிந்த சங்கதி என்றே நினைக்கிறேன். ஒரு பெரிய வாழ்க்கையை எட்டுப் பக்கத்துக்குச் சுருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் கதை கவிழ்ந்துவிடும். எதை முற்றாக விடுவது, எதைச் சற்றுப் பெரிதாகவே வைத்திருப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எனது அளவுத்திட்டத்தில் ஓர் அங்குலக் கயிறு அரை மில்லிமீற்றர் நூலாகிவிடும். ஆணித் தலைகளை விட்டுவிடலாம். ஆனால் ஒரு கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் விட்டுவிட முடியாது.

இனி, செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஏரா. கப்பலின் முதுகெலும்பு அது. அதன்மேல் விலா எலும்புகள் போல வங்குகள். வங்குகளின்மேல் நீளப்பாட்டில் பலகைகள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பெரிய கப்பலில் பலகைப் பொருத்துகளில் நீர் புகாதபடி பஞ்சும் நாரும் அடைப்பதைக் கலப்பற்று என்பார்கள். என்னுடைய கப்பலில் கறுப்பு நூல்தான் கலப்பற்று.

கேட்பதற்கு எளிது. பலகை பொருத்தத் தொடங்கும்போதுதான் சங்கடம் வரும். கப்பலின் நடுப்பகுதியில் ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை 4 அங்குலம் என்றால், அணியத்தை அண்டியதும் அது இரண்டரை அங்குலமாக ஒடுங்கிவிடும். நடுவில் கால் அங்குல அகலமான பலகைகள் பதினாறு வேண்டும். அதே பதினாறு பலகைகளும் அணியத்தில் இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கவும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு பலகையையும் நுனி நோக்கி ஒடுக்கிச் சீவ வேண்டும். முதற் கப்பலில் நான் இதை அறியவில்லை. எல்லாப் பலகைகளையும் ஒரே அகலத்தில் வெட்டி ஒட்டிக்கொண்டே போனேன். பத்தாவது பலகையில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மீன் செதில் போல எழும்பி நின்றன. முழுவதையும் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

பலகையைச் சுடுநீரில் ஊறவைத்து, சூடான குழாயொன்றின்மேல் மெல்ல மெல்ல அழுத்தி வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் முறியும். மரத்தின் ஓட்டம் எந்தப் பக்கம் என்று பாராமல் வளைத்தாலும் முறியும். இதைப் படித்தும் அறியலாம். ஆனால் நாலு பலகை முறிந்தபின் அறிவது வேறு.

மனிதர்கள் இந்த வேலையை எப்போது தொடங்கினார்கள்? எங்களுக்குத் தெரிந்த மிகப் பழைய மாதிரிகளிற் சில ஆற்றுப் படகுகள்தாம். எகிப்தில் மெகெத்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறையில் 1920ஆம் ஆண்டு மரப் படகுகள் பல கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 4,000 வருடங்களுக்கு முந்தியவை. அவற்றிற் சில கெய்ரோவிலும் சில நியூயோர்க் நூதனசாலையிலும் இருக்கின்றன. நைல் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே தெற்கே போகப் பாய், வடக்கே வரத் துடுப்பு. அந்த மாதிரிகளில் படகோட்டிகள் இருக்கிறார்கள். பயணப் படகின் பின்னால் தொடரும் சமையற் படகும் இருக்கிறது. இறந்தவன் மறுமையிலும் ஆற்றில் பயணம் செய்வான், அப்போதும் அவனுக்குப் பசிக்கும் என்று நம்பியிருக்கிறார்கள்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இங்கிலாந்தின் கடற்படைக் கப்பல்களுக்கு நேர்த்தியான மாதிரிகள் செய்தார்கள். நான் பின்பற்றும் நாற்பத்தெட்டில் ஒன்று என்ற அளவு அவர்கள் பெரிதும் கையாண்ட அளவுதான். அம்மாதிரிகளிற் பலவற்றில் கீழ்ப்பகுதிக்குப் பலகை அடிக்காமல் விட்டிருப்பார்கள். வங்குகள் வெளியே தெரியும். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் இதற்கு வருவேன்.

மூன்றாவது உதாரணம் என் மனதை மிகவும் தொட்டது. நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக் கைதிகள் இங்கிலாந்தில் பீற்றர்பரோ நகருக்கு அருகிலுள்ள நோர்மன் குரொஸ் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1797 முதல் 1814 வரை அந்த முகாம் இருந்தது. உணவில் வந்த இறைச்சியின் எலும்புகளை அவர்கள் எறியவில்லை. அவற்றைச் சீவித் தேய்த்துக் கப்பல்கள் செய்தார்கள். முகாம்ச் சந்தையில் விற்று நாலு காசு பார்த்தார்கள். அவர்களிடம் வரைபடம் இல்லை. நினைவு மட்டும் இருந்தது. ஆகவே அளவுத்திட்டப்படி பார்த்தால் அவற்றிற் பல பிழையானவை. எனினும் அந்தக் கப்பல்களை இன்றும் பீற்றர்பரோ நூதனசாலையில் பேணி வைத்திருக்கிறார்கள். அடைபட்ட மனிதன் புறப்பட்டுப் போகும் ஒரு பொருளைச் செய்கிறான். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடற்கப்பலை விட்டு ஆற்றுக்கு வருவோம். ஒரு காலம் நான் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகொன்றைச் செய்தேன். அதற்குக் காரணம் மார்க் ருவெயின். 1896ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்புக்கும் வந்து போனவர் அவர். எழுத்தாளராவதற்கு முன் மிசிசிப்பியில் படகு செலுத்தும் வழிகாட்டியாக இருந்தார். 1859இல் அதற்கான அனுமதிப் பத்திரம் பெற்றார். அவருடைய புனைபெயரே ஆற்றின் ஆழத்தைக் கூவிச் சொல்லும் படகுக்காரர்களின் குரல்தான். இரண்டு பாகம், அதாவது 12 அடி ஆழம். படகு பயமின்றிப் போகலாம் என்பது அதன் பொருள்.

1883இல் வெளிவந்த 'மிசிசிப்பியில் வாழ்க்கை' என்ற நூலில் அவர் ஒரு கவலையைச் சொல்கிறார். ஆற்றை ஒரு நூலைப் போல வாசிக்கக் கற்றுக்கொண்டபின் அதன் அழகு தனக்கு மறைந்துவிட்டது என்கிறார். முன்பு அழகிய சுழிப்பாகத் தெரிந்தது, இப்போது அடியில் மறைந்திருக்கும் ஆபத்தின் அடையாளமாக மட்டும் தெரிகிறதாம். பெரிய எழுத்தாளரோடு முரண்படுவதற்கு மன்னியுங்கள். எனது அனுபவம் இதற்கு நேர்மாறானது.

அந்தப் படகின் படத்தைப் பார்த்து மாதிரி செய்தபோது, மேற்றளங்களுக்கு மேலாக நெட்டுக்கு ஓடும் இரும்புக் கம்பிகளைக் கண்டேன். கட்டைக் கம்பங்களின்மேல் ஏறி, முன்னிருந்து பின்னுக்குச் சென்றன. அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். சில மாதங்களில் எனது படகின் இரு நுனிகளும் மெல்லக் கீழே தொங்கி, நடு முதுகு எழும்பிவிட்டது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஆற்றில் ஆழம் குறைவு. ஆகவே அந்தப் படகுகளின் உடல் நீளமாகவும் தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். நுனிகளில் பாரம் ஏறும்போது அவை தொங்கும். அதைத் தடுக்கவே அந்தக் கம்பிகள். வில்லின் நாண் போல முன்னையும் பின்னையும் இழுத்துப் பிடித்து வைத்திருந்தன.

பிறிதொரு நாள் எகிப்திய அரசி ஹட்செப்சுட்டின் கோயிற் சுவரில் செதுக்கப்பட்ட கப்பல்களின் படத்தைப் பார்த்தேன். அணியத்திலிருந்து அமரம் வரை, கவர்க் கம்பங்களின்மேல் ஒரு தடித்த கயிறு முறுக்கேறி நின்றது! கிறிஸ்துவுக்கு முன் பதினைந்தாம் நூற்றாண்டு அது. ஏறத்தாழ 3,300 வருட இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத இரு கூட்டத்தார் ஒரே நோய்க்கு ஒரே மருந்தைக் கண்டிருக்கிறார்கள். ஒரு கூட்டத்தாருக்குக் கயிறு, மற்றவர்களுக்கு இரும்பு. காரணம் தெரிந்தபின் அந்தக் கயிறு எனக்கு முன்னிலும் அழகாகவே தெரிந்தது.

இனி நான் சொல்ல வந்த கப்பலுக்கு வருகிறேன். அன்னபூரணி.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட இரு பாய்மரக் கப்பல் அது. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். தமது மனைவியின் பெயரால் கப்பலுக்குப் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் சூட்டினார். 1937இல் இங்கிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல், வல்வெட்டித்துறைக் கடலோடிகளுடன் சுயஸ் கால்வாய் வழியாகச் சென்று, அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. எங்கள் மேத்திரிமார் கட்டிய கப்பல் அது. கடதாசியில் வரைபடம் பார்த்துக் கட்டும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை.

வரைபடம் இல்லை என்பதே அன்னபூரணியை மாதிரியாகச் செய்ய விரும்புகிறவனின் முதற் பிரச்சினை. நீளம் 89 அடி, அகலம் 19 அடி என்று பதிவுகள் சொல்கின்றன. சில புகைப்படங்கள் இருக்கின்றன. மிச்சம் எல்லாம் ஊகம்.

நான் முதன்முதலாக அன்னபூரணியைச் செய்தது எண்பதுகளில், யாழ்ப்பாணத்தில். அளவைப் பற்றி அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு புகைப்படமும் நிறைந்த பெருமையும் மட்டும் இருந்தன. அத்திலாந்திக்கைக் கடந்த கப்பலல்லவா, வயிறு நன்றாக இருக்கட்டும் என்று 6 அங்குல அகலத்தில் செய்தேன். முடித்து, வார்னிஷ் பூசி, வேப்பம் பலகையில் ஒரு தாங்கியும் செய்து, முன்விறாந்தையில் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

ஒருநாள் அயல்வீட்டுக்கு ஒரு முதியவர் வந்திருந்தார். வல்வெட்டித்துறைக்காரர், இளமையில் பாய்க்கப்பலில் போய்வந்தவர். அன்னபூரணி போனபோது தாம் சிறுவன், கரையில் நின்று பார்த்தவன் என்றார். அழைத்து வந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, வடிவாச் செய்திருக்கிறியள். ஆனா இது ஓடாது."

எனக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏன் ஐயா?" என்று கேட்டேன்.

"காத்து எங்காலை வாறது? கூடுதலாப் பின்னாலை. பாய் மரத்தை முன்னுக்குத் தள்ளும். அப்ப இழுத்துப் பிடிக்கிற கயிறு எங்கை நிக்கவேணும்? மரத்துக்குப் பின்னுக்கெல்லோ? நீங்கள் நேருக்கும் முன்னுக்குமாய்க் கட்டியிருக்கிறியள். முதற் காத்துக்கே மரம் முறிஞ்சு அணியத்திலை கிடக்கும்."

சொல்லிவிட்டு அவர் கையை நீட்டி ஒரு கயிற்றைத் தொட்டார். அதன் பெயரைச் சொன்னார். அடுத்ததைத் தொட்டார், அதற்கும் ஒரு பெயர். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவமானம் காதை அடைத்திருந்தது. ஒரு கொப்பியை எடுத்து எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த கிழமை கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை அவர் ஊருக்குப் போய்விட்டார். பிறகு நாட்டு நிலைமை. பிறகு அவர் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நேயர்களே, எனது வாழ்வில் நான் இழந்த பொருள்கள் பல. அந்த ஒரு மாலையில் நான் எழுதாமல் விட்ட சொற்களைப் போல எதுவும் என்னை உறுத்துவதில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் வெளியேறியபோது நாங்களும் வெளியேறினோம். சைக்கிளில் அரிசி, உடுப்பு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள். கப்பலை ஏற்ற இடமில்லை. விறாந்தையிலிருந்து எடுத்து உள்ளறை மேசையில் வைத்துக் கதவைப் பூட்டினேன். பூட்டும்போது, கயிறுகளையாவது சரியாகக் கட்டாமல் விட்டுவிட்டேனே என்று நினைத்தேன். அந்த வேளையில் மனிதனுக்கு வரும் நினைவுகள் விசித்திரமானவை.

அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் 1849இல் 'றெட்பேர்ன்' என்று ஒரு நாவல் எழுதினார். அதன் தொடக்கத்தில் கதை சொல்லும் இளைஞனின் வீட்டில் கண்ணாடியாலான ஒரு கப்பல் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்குக் கடலாசை பிறக்கிறது. அவன் வீட்டைவிட்டுக் கடலுக்குப் போன அன்றே அந்தக் கப்பலின் முகப்பிலிருந்த வீரனின் உருவம் விழுந்துவிடுகிறது. தான் சொந்தக் காலில் நிற்கும்வரை அதை நிமிர்த்தப் போவதில்லை என்கிறான் அவன். கொழும்பில் வாடகை அறையொன்றில் இருந்த காலத்தில் இந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். ஏழு வருடங்கள் நான் உளியைத் தொடவில்லை.

2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபின் வீட்டைப் பார்க்கப் போனேன். கூரையில் ஒரு பகுதி இல்லை. உள்ளறையில் மேசையும் இல்லை, கப்பலும் இல்லை. யார் எடுத்தார்கள், என்ன ஆயிற்று என்று தேடிப் பயனில்லை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெரிய இழப்புகள். ஆனால் மூலையில், ஓட்டுத் துண்டுகளுக்கிடையில், அந்த வேப்பம் பலகைத் தாங்கி கிடந்தது. கப்பலின் வயிறு படிந்திருப்பதற்காக நான் வளைத்து வெட்டிய இரண்டு பிறைகளும் அப்படியே இருந்தன. அதை உரப்பையொன்றில் சுற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தேன்.

அந்த வருடமே இரண்டாவது அன்னபூரணியைத் தொடங்கினேன். இம்முறை பொறுமையாக அளவுகளையும் படங்களையும் ஒப்பிட்டேன். 89 அடி எனது அளவில் இருபத்திரண்டே கால் அங்குலம். 19 அடி என்பது நாலேமுக்கால் அங்குலம். பாய்மரங்களை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளை எல்லாம் மரத்துக்குப் பின்னாலேயே கட்டினேன். ஒவ்வொன்றையும் கட்டும்போது அந்த முதியவரின் விரல் அதன்மேல் நின்றது.

உடலை முடித்ததும் பழைய தாங்கியில் தூக்கி வைத்தேன். கப்பல் இருபக்கமும் ஆடியது. பிறை அகலம், வயிறு ஒடுக்கம். ஒரு கணம் புதிய கப்பலில்தான் பிழை என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. ஏழு வருடங்களாக நான் துக்கம் காத்த அந்தக் கப்பல், அன்னபூரணியே அல்ல. பெருமையினால் பருத்துப்போன வேறொரு கப்பல். தொலைந்தபின் அது என் மனத்தில் மேலும் அழகாகிக்கொண்டே வந்திருக்கிறது. தாங்கி மட்டும் பொய் சொல்லவில்லை.

எங்கள் இழப்புகளைப் பற்றி எழுதும் நாங்கள் எல்லோரும் இந்தத் தாங்கியை நினைவில் வைத்திருப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது. இழந்த ஊரையும் வீட்டையும் எழுதும்போது வயிறு பருத்துவிடும். அன்பினால்தான் பருக்கிறது, ஆனாலும் அளவு பிழைத்தால் அது ஓடாது.

இன்னொன்றையும் செய்தேன். முன்னர் சொன்ன இங்கிலாந்து மாதிரிகளைப் போல, கப்பலின் ஒரு பக்கத்தில் கீழ்ப்பகுதிக்குப் பலகை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அவர்கள் விட்டது கட்டமைப்பைக் காட்டுவதற்காக இருக்கலாம். நான் விட்டது வேறு காரணத்துக்காக. உள்ளே எது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாத இடம் அது. தெரியாததை அழகான பலகையால் மூடிவிட மனம் வரவில்லை. பார்க்க வருபவர்கள், "இது இன்னும் முடியவில்லையா?" என்பார்கள். முடிந்துவிட்டது என்பேன்.

பக்கத்தில் ஒரு சிறிய அட்டை வைத்திருக்கிறேன். ஏரா, வங்கு, அணியம், அமரம், பருமல், சுக்கான் என்று எனக்குத் தெரிந்த சொற்களை வரிசையாக எழுதியிருக்கிறேன். கயிறுகளுக்கு நேரே மட்டும் இடம் வெறுமையாக இருக்கிறது. இந்த உரையைக் கேட்பவர்களில், வீட்டில் முதிய கடலோடிகள் உள்ளவர்கள் யாராவது இருக்கலாம். அவர்கள் ஒரு கொப்பியை எடுத்து அருகில் போய் இருந்தால், நான் அன்று செய்யாததை அவர்கள் செய்தவர்களாவார்கள். அடுத்த கிழமை என்று தள்ளிப்போட வேண்டாம்.

"ஏன் செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு எனது பதில் இதுதான். பெரிய கப்பலை வாசிப்பதற்காகவே சிறிய கப்பலைச் செய்கிறேன். கண் தாண்டிப் போகும் இடத்தில் கை தடக்கி நிற்கிறது. தடக்கிய இடத்தில்தான் அதைக் கட்டியவனைச் சந்திக்கிறேன்.

போன மாதம் பேரன் வந்திருந்தான். எட்டு வயது. அன்னபூரணியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பலகை இல்லாத பக்கத்தால் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "அப்பப்பா, இதைத் தண்ணியிலை விட்டா ஓடுமோ?" என்று கேட்டான்.

"ஓடாது, கவிழும்" என்றேன்.

"ஏன்?"

நான் கொப்பியை எடுத்தேன். அவனும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான்.